ஜாவாக் குஞ்சுகளுக்கு வளையம் போட்ட மறுநாள்

அடித்து முடித்து முக்கால் மணி நேரம் ஆகியும் தணிகாசலத்துக்கு வலது கை நடுக்கம் நிற்கவில்லை. இடது கையால் அதைப் பிடித்து மடியில் அழுத்திக்கொண்டு, மொட்டை மாடி ஷெட்டுக்குள், கவிழ்த்துப் போட்ட பெயிண்டு வாளி மேல் உட்கார்ந்திருந்தான். தலைக்கு மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஓடு இப்போதே கொதிக்க ஆரம்பித்துவிட்டது. அரக்கோணத்து வெயிலுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று லீவு உண்டா என்ன. எதிரே இரண்டு வரிசையாக எட்டுக் கூண்டுகள். ஏழு கூண்டில் ஜாவாக் குருவிகள் ஒன்றுமே நடக்காத மாதிரி தினையைக் கொறித்து உமியை உதறிக்கொண்டிருந்தன. சாம்பல் உடம்பு, கறுப்புத் தலை, வெள்ளைக் கன்னம், சிவப்பில் கெட்டி மூக்கு. சிட்டுக்குருவியைவிட ஒரு சுற்றுப் பெருத்த ஜாதி. பதினாலு வருஷமாக இவற்றோடுதான் அவன் குடித்தனம். எட்டாவது கூண்டின் தகரத் தட்டில் மூன்று குஞ்சுகள் செத்துக் கிடந்தன. பத்து நாள் குஞ்சு. சிவந்த தோல், முதுகில் இரண்டு வரிசை இறகுக் குருத்து, தீனிக்குப் பிளந்த வாய் பிளந்தபடி. மேலே கட்டியிருந்த சின்ன மண் பானைக்குள் இன்னும் இரண்டு உயிரோடு இருந்தன. ஷெட்டுக் கதவருகே சிமெண்டுத் தரையில் ரத்தம், ரத்தத்தில் நனைந்த ஒரு மஞ்சள் பை, பைக்குப் பக்கத்தில் தட்டு சுரண்டுகிற தகடு. அந்தத் தகட்டால்தான் அடித்தான். கூடப் பிறந்த ஒரே தம்பி கஜேந்திரனை. ஞாயிற்றுக்கிழமைக் கறி வாங்கப் பையோடு கிளம்பி நின்றவனை 'மேல வாடா' என்று கூப்பிட்டு, 'பானைல கைய வுட்டியாடா' என்று கத்திக்கொண்டே அடித்தான். முதலில் கை, அப்புறம் முழங்கை, அப்புறம் தகடு. தகடு எப்போது கைக்கு வந்தது? எச்சம் சுரண்ட எடுத்ததுதான், தட்டைப் பார்த்த நிமிஷமே கையில் இருந்தது, ஆமாம், அப்போதே இருந்தது, எடுத்து அடிக்கவில்லை, இருந்ததால் அடித்தான். அதில் ஒரு வித்தியாசம் இருக்கிறதா இல்லையா? இருக்கிறது என்று முக்கால் மணி நேரமாக அவன் மண்டைக்குள் ஒரு வக்கீல் வாதாடிக்கொண்டே இருந்தான். கஜா கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்ததும், விரலிடுக்கில் ரத்தம் இறங்கியதும், தம்பி பொண்டாட்டி தமயந்தி மாவுக் கையோடு ஓடி வந்ததும், பக்கத்து வீட்டு ஆட்டோ வந்ததும் எல்லாம் நடந்து முடிந்துவிட்டது. யாரும் அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் அடிச்சே என்று கேட்கிற வழக்கம் அந்த வீட்டில் என்றைக்குமே இருந்ததில்லை.

கேட்டால் சொல்லியிருப்பான். கேட்டிருக்கலாமே. அவன்தான் செஞ்சான், வேற எவன் செய்வான், ஷெட்டுச் சாவி என்கிட்ட ஒண்ணு, சாவிக் கொத்துல ஒண்ணு, கீழே மாட்டியிருக்கற கொத்துல, அது யாருக்குக் கை எட்டும், அவனுக்குத்தான். நேத்து சாயங்காலம் ஆறு மணிக்கு இவன் வளையம் போட்டுக்கொண்டிருந்தபோது மாடிக்கு வந்தது யாரு? போன் பேச வந்தேன் என்றான். போன் பேசக் கீழே இடம் இல்லையா, வாசல் இல்லையா, தெரு இல்லையா. வந்தவன் சும்மா போகாமல் கதவு வரைக்கும் வந்து எட்டிப் பார்த்து, 'வளையமாண்ணா, சூப்பரா கீது' என்றான். அந்தச் 'சூப்பரா கீது'வில் ஒரு நக்கல் இருந்தது. இருந்ததா? இருந்தது, இருந்தது, மூக்கு ஓரத்தில் இருந்தது. அவனுக்கு இந்த ஷெட்டு கண்ணில் உறுத்துகிறது, அதுதானே சங்கதி. ஆறு மாசமாக ஒரே பாட்டு. மாடியில் ஒரு ரூம் போட்டுக்கட்டுமாண்ணா, சின்னதா, பாப்பா வளர்றா, நாங்க மூணு பேரும் ஒரே ரூம்ல படுக்கறோம், நீங்க ஒருத்தர் பெரிய ரூம்ல… அந்த இடத்தில் மட்டும் நிறுத்திவிடுவான், கெட்டிக்காரன். நீங்க ஒருத்தர். ஒண்டிக்கட்டை என்று சொல்லிக் காட்டுகிறானாம். பொண்டாட்டி கனகா சோளிங்கரில் அவள் அம்மா வீட்டுக்குப் போய் ஒன்பது வருஷம் ஆகிறது, சொல்லாமல் போனாள், ஒரு கட்டைப் பையோடு போனாள், அதை இவன் சொல்லிக் காட்டவேண்டுமா. ஷெட்டு இருக்கிற இடத்தில்தான் ரூம் வரவேண்டும், மற்ற இடத்தில் தண்ணீர்த் தொட்டி. அதனால் குருவி ஒழியவேண்டும். குருவி ஒழிந்தால் ஷெட்டு ஒழியும், ஷெட்டு ஒழிந்தால் ரூம் வரும். கணக்கு நேராகத்தான் வருகிறது. விடியற்காலையில் வந்து பானைக்குள் கையை விட்டு மூன்றை எடுத்துக் கீழே போட்டுவிட்டுப் போயிருக்கிறான். சரி, மூன்றை ஏன்? ஐந்தையும் போடவேண்டியதுதானே? இங்கேதான் கொஞ்சம் இடறியது. ஐந்தையும் போட்டால் சந்தேகம் வரும் என்று மூன்றோடு நிறுத்தியிருப்பான். திருட்டுப் பயல். ஆனால் கஜா ஒரு கரப்பான் பூச்சியைக்கூட முறத்தில் தள்ளி வெளியே விடுகிற ஆள், அவனா பானைக்குள் கை விட்டு… அட, ஊமைதான் ஊரைக் கெடுக்கும். தணிகாசலம் எழுந்து, தகட்டைக் காலால் ஒதுக்கிவிட்டு, மறுபடியும் வந்து உட்கார்ந்தான்.

செத்த குஞ்சுகளைப் பார்க்கக்கூடாது என்று வேறு எங்கெல்லாமோ பார்த்தான். குருவிகள் கொறிக்கக் கட்டியிருந்த கணவாய் மீன் ஓட்டைப் பார்த்தான், தண்ணீர்க் குப்பியைப் பார்த்தான், சுவரில் மாட்டிய காலண்டரைப் பார்த்தான். கண் கேட்டால்தானே. சுற்றிச் சுற்றி வந்து தட்டில், முதல் குஞ்சின் காலில் போய் நின்றது. காலில் வளையம். புது அலுமினிய வளையம், ஓட்டு இடுக்கு வெயில் பட்டுச் சுளீரென்று மின்னியது. எம்.டி. 1. அப்பா முனுசாமிக்கு எம், அவனுக்கு டி. சென்னையில் குருவி வளர்க்கிறவர்களின் சங்கம் ஒன்று இருக்கிறது, அதில் சேர்ந்து நாலு வருஷம் காத்துக் கிடந்து வாங்கின நம்பர். குஞ்சாக இருக்கும்போதே காலில் ஏற்றிவிடவேண்டிய மூடின வளையம். வளர்ந்தபின் ஏறாது, இறங்காது. இன்னார் வளர்த்த குருவி என்பதற்கு அதுதான் பத்திரம். அது இருந்தால்தான் ஜனவரி மாசக் கண்காட்சியில் கூண்டு வைக்கவிடுவார்கள். இருபத்தாறு வருஷமாக ரயில்வே ஒர்க்ஷாப்பில் பிட்டராக இருக்கிறான், எத்தனையோ வண்டிக்கு எத்தனையோ போல்ட் முறுக்கியிருக்கிறான், ஒன்றிலாவது அவன் பேர் இருக்கிறதா. இந்த அரிசி கனத்து வளையத்தில் இருக்கிறது. நேற்று ஒவ்வொரு குஞ்சாக உள்ளங்கையில் வைத்து, முன் விரல் மூன்றையும் சேர்த்துப் பிடித்து நுழைத்து, பின் விரலை முழங்காலோடு மடித்து, ஊசி முனையால் அந்தப் பின் விரலை விடுவித்தபோது மூச்சைக்கூட அடக்கிக்கொண்டான். ஐந்துக்கும் போட்டான். படம் எடுத்தான். சங்கத்து வாட்ஸ்ஆப் குழுவில் போட்டான். நாற்பத்து மூன்று பேர் கட்டை விரலைத் தூக்கினார்கள். அது இருக்கட்டும், அது நல்ல விஷயம். அந்தக் காலில் வளையத்துக்கு மேலே ஏன் அப்படிச் சிவந்திருக்கிறது? தோல் வழன்று, கால் இழுபட்டு நீண்ட மாதிரி? கையால் எடுத்துப் போட்டிருந்தால் உடம்பில்தானே நசுங்கியிருக்கவேண்டும்? கீழே விழுந்ததில் பட்டிருக்கும். மூன்றுக்கும் வளையம் போட்ட அதே காலிலா? விழுந்ததுதான், விழுந்ததுதான். காலையில் தகட்டோடு குனிந்தபோதும் இந்தச் சிவப்பைத்தான் முதலில் பார்த்தான். பார்த்த உடனே திரும்பி, மாடிக் கைப்பிடிச் சுவர் மேல் எக்கி, 'டேய் கஜா, மேல வாடா' என்று கத்தினான்.

கத்தினால் வந்துவிடுவான். அதுதான் கஜா. எட்டு வயதில் அப்பன் செத்தவனை இவன்தான் வளர்த்தான், பத்தொன்பது வயதில் அப்பனாகி வளர்த்தான், அந்தப் பெருமையை எவனும் பிடுங்க முடியாது. வளர்த்தேன், சோறு போட்டேன், அடித்தும் வளர்த்தேன். அடிக்காமல் வளர்த்தால் உருப்படுமா. முனுசாமி அடிக்காத அடியா. மாவு மில் வேலை முனுசாமிக்கு, அறுந்த பெல்ட்டுத் துண்டு ஒன்று எப்போதும் கதவுக்குப் பின்னால் தொங்கும், மாவு வாசனையோடு வரும் அந்த அடி. இன்றைக்கும் ரேஷன் கோதுமை அரைக்கிற மில் பக்கம் போனால் தணிகாசலத்துக்கு முதுகு தானாகக் குறுகிக்கொள்ளும். அவன் என்ன செத்தா போய்விட்டான்? பிட்டர் ஆனான். கஜாவுக்குப் பெல்ட்டு எல்லாம் இல்லை, கைதான், ஒரே ஒரு தடவை சைக்கிள் பம்ப்பு. பன்னிரண்டு வயதில் அடிபம்ப்பு மேல் தள்ளியதில் முன் பல் பாதி போயிற்று, அதற்கு இவனே கூட்டிப்போய் ஊசி போட்டு, பரோட்டா வாங்கிக் கொடுத்தான். பாதிப் பல்லோடு பையன் பரோட்டாவைக் கடைவாயில் வைத்து மென்றான். 'நல்லா கீதுண்ணா' என்றான். எதற்கு இப்போது அந்தப் பரோட்டா ஞாபகம் வருகிறது. பல் வேறு, கண் வேறு. பல் போனால் கட்டிக்கொள்ளலாம். தகட்டின் முனை புருவத்தில்தான் பட்டது, கண்ணில் படவில்லை, புருவத்தில்தான். ரத்தம் வந்தால் புருவத்தில் நிறையத்தான் வரும். ஆனால் கஜா கத்தவில்லையே. புருவத்தில் பட்டவன் கத்துவான். கத்தாமல், விரலை அகட்டி, எதையோ உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்கிற மாதிரி பொத்திக்கொண்டல்லவா உட்கார்ந்தான். கஜா எல்.ஐ.சி. ஏஜெண்டும் இல்லை, வாத்தியாரும் இல்லை, கடிகார ரிப்பேர்க்காரன். வலது கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்க்கிற வேலை. அடி பட்டது எந்தக் கண்? இவன் வலக்கைக்காரன், எதிரே நின்றவன், அப்படியானால் இடது கண். இடதுதான். தணிகாசலம் வலது கையைத் தூக்கிக் காற்றில் ஒரு தடவை வீசிப் பார்த்தான். புறங்கையாகவா வீசினோம்? புறங்கையாக வீசினால் வலது. வீசிய கையைச் சட்டென்று மடிக்கு இழுத்துக்கொண்டான். பயம். போலீஸ் பயம் இல்லை, அண்ணன் தம்பிக்குள் எவன் போலீசுக்குப் போகிறான். இது வேறு பயம், பெயர் தெரியாத பயம், மில் பெல்ட்டு வாசனை அடிக்கிற பயம்.

அப்போதுதான் எட்டாவது கூண்டுப் பானையில் நார் சரசரத்தது. தணிகாசலம் நிமிர்ந்து பார்த்தான். தாய்க் குருவியின் வால்தான் முதலில் வெளியே வந்தது. பின்பக்கமாகவே நகர்ந்து நகர்ந்து வந்தது, எதையோ இழுத்துக்கொண்டு. பானை வாயில் காலை ஊன்றி ஒரு இழுப்பு. மூக்கில் வளையம். வளையத்தோடு கால். காலோடு தலைகீழாகக் குஞ்சு, நாலாவது குஞ்சு, உயிரோடு, கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டு. தாய் அந்தக் கத்தலைக் காதில் வாங்கவே இல்லை. வளையத்தை மூக்கால் இறுக்கிப் பிடித்துத் தலையை இரண்டு பக்கமும் வெடுக் வெடுக்கென்று உதறியது. உதறி விட்டுவிட்டது. குஞ்சு தட்டில் தொப்பென்று விழுந்தது. தாய் குச்சிக்குத் தாவி, வாசல் தெளித்து முடித்த பொம்பளை கை துடைப்பது போல மூக்கை இந்தப் பக்கம் ஒரு தடவை அந்தப் பக்கம் ஒரு தடவை தேய்த்துக்கொண்டு, மறுபடியும் பானைக்குள் போயிற்று. அவ்வளவுதான் விஷயம். கூட்டுக்குள் பளபளவென்று ஏதாவது கிடந்தால் அதற்கு எச்சம், அசிங்கம், வெளியே போடவேண்டியது. அது காலோடு ஒட்டியிருந்தால் காலோடு, கால் குஞ்சோடு ஒட்டியிருந்தால் குஞ்சோடு. இது தணிகாசலத்துக்குத் தெரியாதா? அட கடவுளே, இவனுக்குத் தெரியாதென்றால் வேறு எவனுக்குத் தெரியும். போன வருஷம் தாம்பரத்து ஆள் ஒருத்தன் ஏழு குஞ்சு செத்துப்போச்சு என்று குழுவில் அழுதபோது, குரல் பதிவு போட்டுப் பாடம் எடுத்தது யார்? 'தோழர், வளையத்துக்கு மார்க்கர் பேனாவால கறுப்பு அடிச்சிட்டுப் போடணும், மின்னக்கூடாது, மின்னினா தாய் குப்பைன்னு நெனச்சுத் தூக்கி எறிஞ்சிடும், இதுகூடத் தெரியாம எதுக்குக் குருவி வளர்க்கறீங்க.' ஊருக்குத்தான் உபதேசம். நேற்று மார்க்கர் பேனாவும் கையில்தான் இருந்தது. மூடியைத் திறந்தான். கறுப்பு அடித்தால் எம்.டி. எழுத்து படத்தில் தெரியாது. மூடியை மூடினான். ஒரு ராத்திரிதானே, காலையில் அடித்துக்கொள்ளலாம். அந்தப் பேனா இதோ இப்போதும் சட்டைப் பையில் நெஞ்சோடு உட்கார்ந்திருக்கிறது. அப்படியானால் காலையில் குனிந்து அந்தச் சிவப்பைப் பார்த்தபோதே தெரிந்துபோயிற்றா? தெரிந்ததால்தான் கத்தினானா? இல்லை, தெரியாது, தெரிந்திருந்தால் அடிப்பானா. தெரிந்ததால்தான் அடித்தான். அடிக்கிற ஒவ்வொரு அடிக்கும் அந்தச் சிவப்பு கொஞ்சம் கொஞ்சமாக மறைந்தது, அது நினைவிருக்கிறது, நாலாவது அடியில் சுத்தமாக மறைந்து, கஜாதான் செய்தான் என்பது கல்லில் வெட்டினது போல நின்றது, அப்போது ஒரு நிம்மதிகூட வந்தது. சீ. நிம்மதி. அந்த வார்த்தையில் போய் மாட்டிக்கொண்டு வெளியே வர முடியாமல் அவன் மனசு அங்கேயே துடித்தது.

நாலாவது குஞ்சு தட்டில் புரண்டது. தணிகாசலம் கூண்டுக் கதவைத் திறந்து அதை எடுத்தான். சூடாக இருந்தது, உள்ளங்கை முழுக்க அதன் இதயம் ஓடியது. வளையத்தைக் கழற்றிவிடலாம், ஒரு நாள்தானே ஆகிறது, போட்ட மாதிரியே பின் விரலை மடித்து இழுத்தால் வந்துவிடும். தேங்காய் எண்ணெய் தொட்டான். கால் வீங்கியிருந்தது. கை நடுங்கியது. நேற்று இதே கை மூச்சடக்கி நின்ற கை. இரு, இருடா, ஒண்ணுமில்ல, இதோ ஆச்சு என்று குஞ்சோடு பேசிக்கொண்டே இழுத்தான். தீக்குச்சி ஒடிகிற சத்தம். சத்தம்கூட இல்லை, விரலில்தான் தெரிந்தது. குஞ்சு வாயைப் பிளந்தது, கீச்சென்ற சத்தம் வரவே இல்லை, கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்து, உள்ளங்கையில் ஓடிக்கொண்டிருந்தது மெல்ல மெல்ல நின்றுவிட்டது. அவன் அதை மற்ற மூன்றுக்குப் பக்கத்தில் வைத்தான். ஐந்தாவதைப் பானையிலிருந்து எடுத்தபோது கை நடுக்கம் நின்றிருந்தது, ஏனென்று தெரியவில்லை. வளையம் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. குஞ்சைத் திரும்ப வைத்தான், தாய் உள்ளே போய்த் தீனி ஊட்டுகிற சத்தம் கேட்டது. ஒன்று பிழைத்தது. ஒன்று. ஐந்தாம் நம்பர் வளையத்தைச் சுண்டுவிரல் நுனியில் மாட்டிக்கொண்டு அவன் யோசித்தான். யாருக்குத் தெரியும்? குஞ்சுகளை மண்ணில் புதைத்துவிட்டால் முடிந்தது. கஜா தொட்டதாகவே இருக்கட்டும். ஊரும் நம்பும், கஜாவேகூட ஒரு வாரம் போனால் நம்பிவிடுவான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதா, இந்த வீட்டில் அது ஒரு வேலையா, முப்பது வருஷமாக அப்படித்தானே. ஆனால், ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டால் என்ன? 'டேய் கஜா, தப்பு என்னுதுடா.' இதைச் சொல்லவேண்டும், அவன் கண்ணுக்கு முன்னால் நின்று சொல்லவேண்டும், கண் இருக்கிறபோதே சொல்லவேண்டும். வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தான். நாக்கு குழறியது. நாற்பத்தேழு வயதில் அந்த வாக்கியத்தை அவன் வாய் இதுவரை பார்த்ததில்லை. தப்பு என்னுது. என்னுதுடா தப்பு. நான்தான்டா. குருவிகள் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தன. நாலைந்து தடவை சொன்னதும் வாய்க்குப் படிந்துவிட்டது. படிந்ததும் அழுகை வந்தது, நேரம் போவது தெரியாமல் தாராளமாக அழுதான், அழுது முடித்தபோது முப்பது வருஷத்தில் முதல் தடவையாக நல்லவனாக உணர்ந்தான். ஆஸ்பத்திரிக்கே போய்ச் சொல்லிவிடுகிறேன், எல்லார் முன்னாலும் சொல்கிறேன், மாடி ரூமும் கட்டிக்கொள்ளட்டும் என்று எழுந்து சட்டையைச் சரிசெய்தபோது படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது.

தமயந்தி. படி ஏறி வந்தவள் ஷெட்டுக் கதவுக்கு நாலடி தள்ளியே நின்றுகொண்டாள். காலையில் மாவு பிசைந்த கை கழுவப்படாமல் காய்ந்திருந்தது. புடவைத் தலைப்பில் ரத்தம். மணி பன்னிரண்டு இருக்கும், வெயில் அவள் தலை மேல் நேராக அடித்தது.

"மாமா, மாத்துத் துணியும் காப்பீட்டு அட்டையும் எடுத்துனு போக வந்தேன். சென்னைக்குக் கொண்டுபோவச் சொல்ட்டாங்க. ஆம்புலன்ஸ் நிக்குது."

"எந்தக் கண்ணு?"

"வலது கண்ணு மாமா. அதுல இனிமே பாக்க முடியாதுன்னுதான் சொல்றாங்க. அங்க போய்தான் தெரியுமாம்." அவள் அழவில்லை. ஒப்பிப்பது போல வேகமாகச் சொன்னாள். "டாக்டர் கேட்டாரு. உங்க தம்பி கறிக்கடையில எலும்புச் சில்லு தெறிச்சிடுச்சுன்னு சொல்லிட்டாரு. உங்க பேரு எங்கயும் வரல மாமா. பயப்படாதீங்க."

தணிகாசலம் வாயைத் திறந்தான். அதற்குள் அவள் மறுபடியும் ஆரம்பித்துவிட்டாள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாரு. அவருதான் பானைல கைய வுட்டாராம். காலைல, சும்மா பாக்கலாம்னு. தப்பு அவருதுதானாம். மன்னிச்சிடச் சொன்னாரு. மாடி ரூமும் வோணாம்னு சொல்லச் சொன்னாரு. ஷெட்டு அப்படியே இருக்கட்டும்னாரு."

"இல்ல தமயந்தி." குரல் அவனுக்கே புதிதாக, மெதுவாக வந்தது. "அவன் தொடல."

"தொட்டாராம் மாமா."

"தொடலம்மா. நான் சொல்றேன் கேளு. நான் நேத்து வளையம் போட்டேன்ல, அது மின்னுச்சு. அதுக்குக் கறுப்பு அடிக்கணும், நான் அடிக்கல. தாயே இழுத்து வெளிய போட்டுடுச்சு. இதோ, இப்ப என் கண்ணு முன்னாடியே நாலாவத இழுத்துப் போட்டுச்சு. தப்பு என்னுது. நான்தான்."

சொல்லிவிட்டான். எவ்வளவு பெரிய மலையைப் புரட்டியிருக்கிறான். அவள் ஓவென்று அழுவாள், அல்லது பாவி என்று மண்ணை வாரித் தூற்றுவாள், எதுவானாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றான். தமயந்தி அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் கைகளை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல மாமா. அவரு தொட்டிருப்பாரு. அவரே ஒத்துக்கினாரு."

"அவன் பயந்துனு சொல்றான். நான் நெசத்தச் சொல்றேன்."

"நெசந்தான் மாமா, அவருதான். குருவி அது மாதிரி செய்யுமா? நீங்க பெரிய மனசு பண்ணி அவர் மேல பழி வரக்கூடாதுன்னு சொல்றீங்க." அவள் ஒரு அடி பின்னால் போனாள். "அவரு இல்லன்னா நான்தான் மாமா. விடிகாலைல பெருக்க வந்தேன், கூண்ட இடிச்சிட்டேன் போல. ஞாபகம் இல்ல. நான்தான் இருக்கும்."

"நீ ஏன்டி இடிச்ச? நீ மாடிக்கே வரல!"

"வந்தேன் மாமா. வந்தேன்னு வெச்சிக்கங்க."

வைத்துக்கொள்வதா? ரத்தம் குப்பென்று தலைக்கு ஏறியது. அழுது, நாக்கைப் பழக்கி, பிறந்ததிலிருந்து சொல்லாத ஒன்றைப் பொறுக்கி எடுத்து நீட்டுகிறான். இவள் அதைக் கையால்கூடத் தொடமாட்டேன் என்கிறாள். ஒரு மனுஷன் ஒரே ஒரு தடவை உண்மை பேசினால் அதை நம்பக்கூட ஒரு நாதி இல்லையா இந்த வீட்டில். அவளைப் பிடித்துத் தட்டுக்கு முன்னால் தள்ளி அந்தக் காலைக் காட்டவேண்டும், சிவப்பைக் காட்டவேண்டும், காட்டித்தான் ஆகவேண்டும். இரண்டே எட்டில் கதவைத் தாண்டி அவள் எதிரே நின்றான்.

"நான்தான்னு சொல்றேன்ல!"

"இல்ல மாமா, வோணாம் மாமா, நாங்கதான்…"

அறை அவள் காதோடு விழுந்தது. தம்பி பொண்டாட்டி மேல், பதினொரு வருஷத்தில் முதல் முறையாக. அவள் தண்ணீர்த் தொட்டியில் மோதி, அப்படியே சரிந்து உட்கார்ந்து, முகத்துக்கு நேரே முழங்கையைத் தூக்கிக்கொண்டாள். கீழே தெருவில் ஆம்புலன்ஸ்காரன் இரண்டு தடவை ஹாரன் அடித்தான். அவள் உதட்டைத் துடைத்துக்கொண்டாள், முழங்கைக்குப் பின்னாலிருந்து ஒரு கண்ணால் அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"சரி மாமா," என்றாள். "நீங்கதான்."